சிற்றாற்று மின்சாரமும் ஊராரும்

சப்பிரகமுவ மலைச்சாரல்களில், பிரதான மின்கம்பி எட்டாத பல கிராமங்களில், 1990களிலிருந்து சிறு நீர்மின் நிலையங்கள் எழுந்தன. ஊரார் மின்பாவனையாளர் சங்கம் அமைத்து, சிரமதானமாக வாய்க்கால் வெட்டி, சுழலியைத் தாமே இயக்கினர்.

நீர் விழும் உயரத்தையும் அதன் அளவையும் பொறியியலாளர் அளந்துவிடுவார். அவர் அளக்காதவையும் உள. வீடொன்றுக்குக் கிடைத்த மின்சாரம் ஏறக்குறைய 100 முதல் 200 வாற்று மட்டுமே. மாலையில் ஒருவர் மின்னழுத்தியை மாட்டினால் அயல்வீட்டு விளக்குகள் மங்கும். எவர், எப்போது, எதனைப் பாவிக்கலாம்? கூலிக்குப் போவோர் சந்தாவை எங்ஙனம் செலுத்துவர்? ஒதுங்கிய வீட்டுக்குக் கம்பி இழுக்கும் செலவை யார் ஏற்பர்? இவற்றைச் சங்கக் கூட்டமே தீர்க்கவேண்டியிருந்தது. அக்கூட்டத்துக்கு ஆண்களை மாத்திரம் அழைப்பது பெருந்தவறென்பேன்; அடுக்களையின் இருளை அறிந்தவர் பெண்களல்லரோ?

பின்னர் பிரதான மின்கம்பி வந்துசேர்ந்ததும் பல நிலையங்கள் கைவிடப்பட்டன. குளிர்சாதனப் பெட்டிக்கு ஆசைப்பட்டோரை நான் குறைகூறேன். சில சங்கங்கள் தம் மின்சாரத்தைப் பிரதான வலையமைப்புக்கே விற்க முனைந்தன. அதற்கான வழியை முதல்நாட் திட்டத்திலேயே எழுதி வைத்திருப்பின், ஊரார் கைபட வெட்டிய வாய்க்கால்கள் பல இன்று தூர்ந்து கிடக்கமாட்டா.