சாவி கொடுத்த கேமரா

சினிமாவைப் பற்றி வானொலியில் பேசுவது சங்கடமான காரியம். எதையும் காட்ட முடியாது. ஆனால் ஜோனாஸ் மேகாஸின் படங்களைக் கண்ணை மூடிக்கொண்டும் ஓரளவு பின்தொடரலாம். ஒரு குரல் வரும். தயங்கும், நிறுத்தும், சொன்ன சொல்லையே திரும்பச் சொல்லும். நியூயார்க்கில் அறுபத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தும் அந்த ஆங்கிலத்திலிருந்து லிதுவேனியக் கிராமத்து உச்சரிப்பு போகவில்லை. அதைப் போக்கிக்கொள்ள அவர் பாடுபட்டதாகவும் தெரியவில்லை.

1922இல் பிர்ஜாய் நகருக்குப் பக்கத்துக் கிராமமான செமெனிஷ்கியாயில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1944இல் தம்பி அடோல்ஃபாஸோடு ஊரைவிட்டு ஓடினார். அவர்கள் போன ரயில் ஜெர்மனியில் மறிக்கப்பட்டது. ஹாம்பர்க் அருகே எல்ம்ஸ்ஹோர்னில் கட்டாய உழைப்பு முகாம். போர் முடிந்த பிறகும் வீடு திரும்ப வழியில்லை. நான்கு வருஷம் அகதி முகாம்கள். 1949 அக்டோபர் இறுதியில் இருவரும் நியூயார்க்கில் கப்பல் இறங்கினார்கள். தாய்மொழியில் கவிதைத் தொகுதி வெளியிட்டிருந்த ஒருவர் அந்த ஊரில் ஊமை மாதிரிதான். கடன் வாங்கி ஒரு போலெக்ஸ் கேமரா வாங்கினார்.

இந்தக் கேமராவிடம் கொஞ்சம் நின்று போக வேண்டும். பதினாறு மில்லிமீட்டர் படச்சுருள். கடிகாரத்துக்குப் போல சாவி கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தால் அரை நிமிஷத்துக்குள் ஓடி நின்றுவிடும். கூடவே குரல் பதிவாகாது. மேகாஸ் இந்தக் குறைகளையே தன் நடையாக்கிக்கொண்டார். ஒரு கல்யாணத்தை எடுத்தால் நமக்குக் கிடைப்பது ஒரு கை, ஒரு கோப்பை, சிரிப்பில் பாதி. விரலால் தட்டித் தட்டி இரண்டு ஃபிரேம், ஐந்து ஃபிரேம் என்று எடுப்பார். பத்து மணி நேரம் கூலி வேலை பார்க்கிறவனுக்கு வாழ்க்கை அப்படித் துண்டு துண்டாகத்தானே கைக்கு வருகிறது?

ஆனால் அவருடைய கலை படமெடுப்பதில் பாதிதான். மீதி காத்திருப்பில் இருக்கிறது. 1949 முதல் 1963 வரை எடுத்த சுருள்களை அலமாரியில் போட்டுவைத்து, 1976இல்தான் 'லாஸ்ட் லாஸ்ட் லாஸ்ட்' என்ற படமாகக் கோத்தார். புரூக்ளின் தெருக்களில் லிதுவேனிய அகதிகள் கூடுகிறார்கள், பாடுகிறார்கள், ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பில் பேசிக்கொண்டேயிருக்கிறார்கள். எடுத்தவன் இளைஞன், பின்னணியில் பேசுகிறவர் ஐம்பதைத் தாண்டியவர். அந்த இருவருக்கும் நடுவில் கிடக்கும் வருஷங்கள்தான் படம். அப்போதே வெட்டி ஒட்டியிருந்தால் ஒரு செய்திப்படம் கிடைத்திருக்கும்.

இடையில் அவர் சும்மா இருக்கவில்லை. 'வில்லேஜ் வாய்ஸ்' வார இதழில் சினிமாப் பத்தி எழுதினார். 1962இல் நண்பர்களோடு படைப்பாளிகளின் கூட்டுறவு விநியோக அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். உன் படம் தேறாது என்று திருப்பியனுப்பும் தேர்வுக்குழு அதில் கிடையாது. 1964இல் ஜாக் ஸ்மித்தின் 'ஃபிளேமிங் கிரீச்சர்ஸ்' படத்தைத் திரையிட்டதற்காகக் கைதானார். அதே ஆண்டு ஒரு வேடிக்கை. ராணுவச் சிறையைப் பற்றிய 'தி பிரிக்' என்ற மேடை நாடகத்தை நடிகர்களுக்கு நடுவே புகுந்து படமெடுத்தார். வெனிஸ் விழாவில் அதற்கு ஆவணப்பட விருது கொடுத்துவிட்டார்கள். 1970இல் ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்கைவ்ஸ் என்ற காப்பகம் உருவாவதிலும் அவர் முன்னின்றார்.

முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டால், 1972இல் வந்த லிதுவேனியப் பயணப் படத்தைச் சொல்வேன். முந்தைய ஆண்டுதான் சோவியத் அரசு அவரை ஊருக்குள் விட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் பார்க்காத அம்மா, வாசலில் நெருப்பு மூட்டிச் சமைக்கிறாள். துண்டுக் காட்சிகளுக்கு எண் போட்டுக்கொண்டே போகிறார் மகன், எண்ணாவிட்டால் தொலைந்துவிடும் என்பதுபோல. பிறகு எல்ம்ஸ்ஹோர்ன் போகிறார். முகாம் இருந்த இடத்தில் புல்லும் பிள்ளைகளும்தான் இருக்கிறார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். பிற்காலப் படங்கள் நீளம். 2000இல் வந்த ஒன்று ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஓடுகிறது. பூ, பனி, குழந்தை என்று அடுக்கிக்கொண்டே போகையில் நமக்கு அடுத்த வீட்டு ஆல்பம் புரட்டும் அலுப்பு வரத்தான் செய்கிறது. இன்னொன்று இதைவிடப் பாரமானது. ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது வெளிவந்த உள்ளூர்ப் பத்திரிகைகளில் அவர் வேலை பார்த்ததையும், அதைப்பற்றி அவர் சொன்னவை ஒன்றோடொன்று பொருந்தாததையும் 2018இல் ஒரு வரலாற்றாய்வாளர் எழுதினார். பிர்ஜாயின் யூதர்கள் 1941இல் கொல்லப்பட்டார்கள். லிதுவேனியப் படத்தின் அத்தனை பசுமையிலும் நான் அவர்களைத் தேடினேன்; கிடைக்கவில்லை. நினைவையே தொழிலாகக் கொண்டவரிடம் இதைக் கேட்காமல் எப்படி இருப்பது?

2019 ஜனவரியில், 96ஆம் வயதில், நியூயார்க்கில் இறந்தார். அந்த ஐந்து மணி நேரப் படத்தின் தொடக்கத்தில் ஒரு விஷயம் சொல்கிறார். சுருள்களை வருஷவாரியாக அடுக்கப் பார்த்தாராம், முடியவில்லை. அலமாரியில் எது கைக்கு வந்ததோ அதை எடுத்து ஒட்டிவிட்டாராம். அவர் அதைச் சொல்லும்போது பின்னால் ராத்திரியின் நிசப்தம் கேட்கிறது.