எண்ணைத் தேடி ஒரு பஸ் பயணம்

குடிபாலாவிலிருந்து வடக்கே போனால் சித்தூர், திருப்பதி. தெற்கே எல்லையைத் தாண்டினால் வேலூர். இதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ அடிக்கடி பஸ் ஏறுகிறார்கள். ஒரே ஒரு எண்ணுக்காக. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அந்த எண்ணை ஐ.என்.ஆர். என்பார்கள்.

சின்ன வயசில் வந்த வாதக் காய்ச்சல் பலருக்கு வால்வைக் கெடுத்துவிடுகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவ நிலையத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு போன்ற செயற்கை வால்வு வைத்தவர்கள், ரத்தம் உறைவதைத் தடுக்கும் அசிட்ரோமோ வார்ஃபரினோ ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். மற்றவர்களுக்கு ஐ.என்.ஆர். 1-ஐ ஒட்டி இருக்கும். இவர்களுக்குப் பெரும்பாலும் 2 முதல் 3. இதயத்தின் இடது அறைகளுக்கு நடுவே உள்ள மைட்ரல் வால்வு என்றால் 2.5 முதல் 3.5. குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், பக்கவாதம் வரலாம். எகிறினால் ஈறில் கசியும், மூளைக்குள்ளேயே கசிந்தாலும் கசியும்.

இந்த எண்ணை வீட்டிலேயே பார்க்கக் கையடக்கக் கருவி இருக்கிறது. ஜெர்மனியில் 1980-களிலேயே நோயாளிகள் இதற்குப் பழகிவிட்டார்கள். கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரலின் ஓரத்தில் குத்துங்கள். முதல் சொட்டை உடனே கருவியில் செருகிய சோதனைப் பட்டையில் வையுங்கள். தாமதித்தால் அது விரலிலேயே உறைய ஆரம்பிக்கும். பிதுக்கிப் பிதுக்கி இரண்டாவது சொட்டு சேர்க்காதீர்கள். ஒரு நிமிஷத்தில் எண் வந்துவிடும்.

பட்டை 30 டிகிரிக்கு மேல் தாங்காது. நம் சித்தூர் வெயிலில் அலமாரியில் வைத்தால் வீண்தான். கடுமையான ரத்தசோகை இருந்தாலும் எண்ணை நம்ப முடியாது.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டு காக்ரேன் அமைப்பின் அறிக்கை, இப்படி வீட்டில் பார்ப்பவர்களுக்கு ரத்தக்கட்டி குறைந்தது என்கிறது. பெரிய ரத்தக்கசிவு குறையவில்லை என்றும் சொல்கிறது. ஆனால் கூலி வேலைக்குப் போகிறவருக்குக் கருவியும் கட்டுப்படியாகாது, மாதாமாதம் பட்டையும் கையைக் கடிக்கும். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு கருவி வைத்து, ஆளுக்கொரு புது ஊசியில் பார்த்து, எண்ணைப் போனில் டாக்டருக்குச் சொன்னால் போதும் என்பது என் கட்சி. பஸ்ஸும் மிச்சம், அரைநாள் கூலியும் மிச்சம்.

கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பதற்காக முருங்கைக்கீரையை விட்டுவிடச் சொல்லவில்லை. வாராவாரம் ஒரே அளவில் சாப்பிடுங்கள். மாத்திரை அளவை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள். புதுக் கருவி வாங்கினால், லேபில் ரத்தம் கொடுக்கும் அன்றைக்கே அதிலும் பாருங்கள். இரண்டுக்கும் 0.5-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும்.