ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, ஆனாலும் நெஞ்சு வலிக்கிறது



பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இந்தத் திருமுக்கூடலில் நோயைப் பற்றிப் பேசுவது புதிதல்ல. வீரராஜேந்திர சோழன் காலத்தில், 900 ஆண்டுகளுக்கும் முன்பே, இங்கே 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர் சாலை நடந்தது. வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், பணிப்பெண்கள் என்று எல்லாவற்றையும் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இன்றைய பேச்சு ஒரு வீட்டுச் சங்கதி. தண்ணீர்க் குடம் தூக்கினால் மனைவிக்கு நெஞ்சை அழுத்துகிறது. தறியில் உட்கார்ந்தால் மூச்சு வாங்குகிறது. கடன் வாங்கி ஆஞ்சியோகிராம் எடுத்தாயிற்று. அடைப்பு இல்லை என்று சீட்டு வந்துவிட்டது. உடனே வீட்டுக்காரர், "டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டாரு, இன்னும் என்ன வலி?" என்கிறார். மாமியார் வாயு என்கிறார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு வாய் திறப்பதே இல்லை. எனக்குப் பயம் இந்த மௌனத்தைப் பற்றித்தான்.

அடைப்பு இல்லை என்றால் நோய் இல்லை என்று பொருளல்ல. ஏரிக் கால்வாயில் தண்ணீர் நன்றாக ஓடும். வயலுக்குப் பிரிகிற சின்ன வாய்க்கால் சரியில்லாவிட்டால் பயிர் வாடும். ஆஞ்சியோ படத்தில் தெரிவது கால்வாய் மட்டுமே. அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய இரத்தக் குழாய்கள் அதில் தெரியா. அவை தேவையான நேரத்தில் விரியாமல் போனாலோ, பெரிய குழாயே சில சமயம் சுருங்கிக்கொண்டாலோ, இதயத் தசைக்குப் பிராணவாயு போதாமல் வலிக்கும். இது பெண்களுக்கே அதிகம், குறிப்பாக மாதவிலக்கு நின்ற பிறகு.

இதைக் கண்டுபிடிக்க மூச்சையே கருவியாக்கி ஒரு சோதனை செய்கிறார்கள். நோயாளியை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படுக்க வைத்து, ஒரு நிமிஷம் வேகமாக, ஆழமாக மூச்சு விடச் சொல்கிறார்கள். இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து குழாய்கள் சுருங்கும். பிறகு மூச்சை அடக்கச் சொல்கிறார்கள். கரியமிலவாயு ஏறக் குழாய்கள் விரிந்து இரத்தம் பாய வேண்டும். பிராணவாயு உள்ள இரத்தமும் இழந்த இரத்தமும் காந்தத்துக்கு வேறு வேறாகத் தெரியும். அதனால் எந்த இடத்துத் தசைக்கு வரத்து இல்லை என்பது படத்தில் விழும். ஊசி மருந்து வேண்டாம். கனடாவின் மாண்ட்ரியலிலும் சுவிட்சர்லாந்தின் பெர்னிலும் இதை ஆராய்ந்து வருகிறார்கள். நாளைக்கே நம் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கக்கூடியதல்ல. ஆனால் அந்த வலி பொய்யில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். வேகமூச்சே சிலருக்கு இதயக் குழாயைச் சுருக்கி வலியைக் கொண்டுவந்துவிடும்.

கணவன்மார்களே, அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள். எந்த வேலையின்போது வலிக்கிறது, எத்தனை நிமிஷம் இருக்கிறது, விடியற்காலையில் சும்மா படுத்திருக்கும்போதும் வருகிறதா என்று ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள். "சின்னக் குழாய் கோளாறா இருக்குமா, ஐயா?" என்று கேளுங்கள். இதற்கு மாத்திரைகள் உண்டு. இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். வீட்டுக்குள் பீடி புகைப்பதை நீங்கள் நிறுத்த வேண்டும்.

ஓய்வெடுத்தும் வலி அடங்காமல் வியர்த்துக் கொட்டினால், பழைய ரிப்போர்ட்டை நம்பி உட்கார்ந்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்க 2023-ல் ஏற்பாடாகியிருக்கிறது.