இருபது வயதில் மறைந்த கணித மேதை

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பரீட்சையில் தவறியவனை மந்தன் என்று ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கமாயிருக்கின்றது. இருமுறை தவறிய ஒருவனைப் பற்றியே நான் இன்று பேச விரும்புகின்றேன். எவரிஸ்த் கல்வா என்னும் அவ்விளைஞன் 1811ஆம் ஆண்டு, பாரிஸ் நகருக்கு அண்மையில் பிறந்தவன். எக்கோல் பொலிதெக்னிக் என்னும் புகழ்பெற்ற கல்லூரி 1828இலும் 1829இலும் அவனைச் சேர்க்க மறுத்தது. இரண்டாம் முறை பரீட்சைக்குத் தோற்றியபோது, தந்தை தற்கொலை செய்துகொண்ட துயரம் ஆறியிருக்கவில்லை.

அவன் கண்டது யாது? இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் சூத்திரத்தை நாம் பள்ளியிலேயே கற்கின்றோம். முப்படி, நாற்படிச் சமன்பாடுகளுக்குரிய வழிகளை இத்தாலியர் 16ஆம் நூற்றாண்டில் கண்டனர். ஐம்படிச் சமன்பாட்டிற்கு அத்தகைய பொதுச் சூத்திரம் இல்லையென நோர்வே நாட்டு ஏபல் 1824இல் நிறுவினார். ஆயினும் சில ஐம்படிச் சமன்பாடுகள் தீரக்கூடியனவே. எவை தீரும், எவை தீரா? இதுவே கல்வா எழுப்பிய வினா.

அவன் மூலங்களை இடம் மாற்றிப் பார்த்தான். வர்க்கம் இரண்டாகும் எண்கள் இரண்டு உண்டு. ஒன்று நேர், மற்றது மறை. அவற்றை இடம் மாற்றினாலும் கூட்டுத்தொகை பூச்சியமே. பெருக்கம் மறை இரண்டே. இவ்வாறு உண்மை கெடாமற் செய்யக்கூடிய மாற்றங்கள் யாவும் சேர்ந்து ‘கூட்டம்’ என்னும் அமைப்பாகின்றன. சமன்பாடு தீருமா என்பதை அவ்வமைப்பே சொல்லிவிடும் என்று காட்டினான்.

1830இல் விஞ்ஞானக் கழகத்திற்கு அவன் அனுப்பிய கட்டுரை பூரியே என்னும் அறிஞரிடம் சென்றது. அவர் மே மாதம் இறந்தார், கட்டுரையும் காணாமற்போயிற்று. 1831இல் மீண்டும் அனுப்பினான். தெளிவு போதாதென்று புவாசோன் திருப்பிவிட்டார். அவரை மட்டும் குறைகூறல் நியாயமன்று. தன் மனத்துக்கு வெளிச்சமாயிருந்த படிகளைக் கல்வா எழுதாமலே தாண்டிச் சென்றான்.

குடியரசுக் கொள்கையால் அவன் சிறையும் கண்டான். 1832 மே 30ஆம் நாள் துப்பாக்கிச் சமரிற் காயமுற்று மறுநாள் இறந்தான். முழுக் கொள்கையையும் கடைசி இரவிலேயே எழுதினான் என்பது கட்டுக்கதை. அன்றிரவு பழைய தாள்களைத் திருத்தி, தன் ஆராய்ச்சிகளைத் தொகுத்து, நண்பன் ஒகுஸ்த் செவாலியேக்குக் கடிதம் வரைந்தான்.

அந்நண்பனும் கல்வாவின் தம்பியும் அத்தாள்களைக் காத்துப் பிரதி செய்தனர். பதினான்கு ஆண்டுகளின் பின், 1846இல், லியூவில் என்னும் கணித அறிஞர் அவற்றைப் பதிப்பித்தார். உலகம் அப்போதுதான் விழித்தது.

அன்பர்களே, நம் வகுப்பிலும் நமக்கு விளங்காத பேச்சுப் பேசும் ஒருவன் இருக்கலாம். அவனைப் போல் மேதையாதல் நமக்கு வாய்க்காது போகலாம். செவாலியேயைப் போல் நண்பனாதல் எவருக்கும் இயலும். அவனைப் பார்த்துச் சிரிக்குமுன் அவனுடைய தாள்களைப் பத்திரப்படுத்துவோமாக.