கண் அறியாக் கறை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



முகம் பார்க்கும் கண்ணாடியில் கறை படிந்தால் கண்ணே காட்டிக் கொடுத்துவிடும். ஆனால், கண்ணுக்கு மாசற்று மின்னும் ஓர் ஆடி, ஆழ்புறஊதா ஒளிக்கு மங்கலாக இருத்தல் கூடும். அக்கறையை அறிவது எவ்வாறு என்பதே யான் கூற வந்த பொருள்.

நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். 200-க்கும் கீழே சென்றால், சாதாரணக் கண்ணாடி மட்டுமன்றிக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஒளியை விழுங்கத் தொடங்கும். ஆதலின் 1893-இல் ஜெர்மானியரான விக்டர் ஷூமன், காற்றை அகற்றிய கருவிக்குள் புளோரைட்டுப் படிகங்களை வைத்து அவ்வொளியை ஆராய்ந்தார்.

அலுமினியப் பூச்சு இவ்வொளியை நன்கு எதிரொளிக்கும். எனினும் காற்றுப் பட்டவுடன் ஆக்சைடுப் படலம் மூடிக்கொள்ளும். அதனைத் தடுக்க, வெற்றிடத்திலேயே அதன்மேல் மக்னீசியம் புளோரைடு பூசுவர். 1990-இல் விண்ணேறிய ஹபிள் தொலைநோக்கியின் ஆடியில் அப்பூச்சின் கனம் 25 நானோமீட்டரே.

பூச்சு செம்மையாக அமைந்ததா? பெரிய ஆடியுடன் சிறு சான்றுத் துண்டுகளையும் வைத்துப் பூசுவர். பின்னர்த் துண்டினை வெற்றிடக் கலத்தில் இட்டு, டியூட்டிரியம் விளக்கொளியை அலைநீளவாரியாகப் பிரித்துச் செலுத்துவர். முதலில் ஒளியை நேரே அளப்பர். அடுத்துத் துண்டில் பட்டு மீண்ட ஒளியை அளப்பர். இரண்டின் விகிதமே எதிரொளிதிறன். படிகச் சாளரமாயின், ஊடுருவி வந்த ஒளியை அளப்பர். சில திங்கள் கழித்து அளவு குறைந்திருப்பின், எண்ணெய் ஆவி போன்ற மாசு படிந்ததோ என ஐயுறுவர். கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய கரிமப் படலமும் இவ்வொளியைப் பெரிதும் விழுங்கும்.

இதில் ஏன் இத்துணைக் கவலை? நம் பெங்களூருக்கு அணித்தே ஹொசகோட்டேயில், இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் தூய அறையில் உருப்பெற்ற புறஊதாத் தொலைநோக்கி, 2015 செப்டம்பர் 28 அன்று ஆஸ்ட்ரோசாட்டில் விண்ணேகியது. அது 130 நானோமீட்டர் வரை காண வல்லது. ஆங்குச் சென்று ஆடியைத் துடைப்பார் யார்? விண்கலத்திலிருந்து கசியும் ஆவிகள் அடங்கட்டும் என்று, ஏறத்தாழ இரண்டு திங்கள் அதன் கதவுகளைத் திறவாது காத்திருந்தனர்.

அன்பர்களே, கண்ணின் தீர்ப்பு இங்கே போதாது. ஓர் ஆடி எவ்வொளிக்குப் பணி செய்ய வேண்டுமோ, அவ்வொளியே அதனைச் சோதிக்க வேண்டும். விண்ணேறிய பின் திருத்த இயலாத குறையை மண்ணிலேயே அளந்தறியும் இப்பொறுமையை நம் இளைஞர்கள் கற்பார்களாக.