சருகினடியில் வாழும் பல்லி

தமிழ் மக்கள் பல்லியை வீட்டோடு சேர்த்தே அறிந்தவர்கள். அது எழுப்பும் ஒலிக்குப் பலன் கூறினர். உடம்பில் அது விழும் இடத்துக்கேற்ப நன்மையும் தீமையும் வகுத்தனர். ஆயினும், சுவர் என்பதையே அறியாது, காட்டுச் சருகினடியில் பிறந்து அங்கேயே வாழ்ந்து மடியும் பல்லியினமும் ஒன்று உண்டு. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலுமுள்ள உலர்வலயக் காடுகளே அதன் தாயகம். உலகில் வேறெந்த நாட்டிலும் அது இல்லை.

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், திருகோணமலை மாவட்ட எல்லையோரம் அமைந்த கொக்கிளாய் அவ்வலயத்தைச் சேர்ந்த ஊர். அதன் களப்பு 1951ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்டது. அங்கு செல்வோர் நீரிலே நிற்கும் பறவைகளையே நோக்குவர். பாலையும் வீரையும் முதிரையும் வளரும் அப்பகுதிக் காடுகளில், காலடியிற் கிடக்கும் சருகைக் கிளறிப் பார்ப்போர் மிகச் சிலரே.

இந்த நிலப்பல்லியை 1945ஆம் ஆண்டில் விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தியவர், கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக விளங்கிய கலாநிதி பி. இ. பி. தெரணியகல. அவர் அதற்கு இட்ட இனப்பெயர் யக்குனா என்பது. சிங்கள மொழியிலே யக்கா என்றால் பேய். ஹூனா என்றால் பல்லி. பெயரிலே பேய் இருப்பினும் பல்லிலே நஞ்சு இல்லை.  இருளில் திடீரென எதிர்ப்படுவதும், திட்டுத்திட்டான கரும்பழுப்பு நிறமும் மனிதரை அஞ்சச் செய்திருக்கலாம். ஆனால் அந்நிறம் பிறரை அச்சுறுத்துவதற்கன்று. உலர்ந்த இலைகளுக்கிடையே தன்னை மறைத்துக்கொள்வதற்கே அதற்கு வாய்த்தது. உடலோ ஒரு விரலளவே இருக்கும்.

வீட்டுப்பல்லிக்கும் இதற்குமுள்ள பெரும் வேறுபாடு பாதத்திலே தோன்றுகின்றது. வீட்டுப்பல்லியின் விரலடியில் அகன்ற மெத்தை போன்ற பகுதியுண்டு. அதிலுள்ள எண்ணற்ற நுண்மயிர்கள் சுவரோடு மிக நெருங்கிப் பொருந்த, அணுத்திரள்களுக்கிடையே எழும் ஈர்ப்பினால் பல்லி ஒட்டி நிற்கின்றது. பசையும் இல்லை, உறிஞ்சுதலும் இல்லை என்பதை ஆராய்ச்சியாளர் 2002ஆம் ஆண்டில் சோதனை வாயிலாக நிறுவினர். நிலப்பல்லிக்கு அத்தகைய மெத்தை இல்லை. அதன் விரல்கள் மெலிந்து வளைந்தவை, நுனியில் நகமுண்டு. இன்று அது அடங்கும் பேரினத்தின் பெயராகிய சேர்ட்டோடக்டைலஸ் என்பதற்கு வளைந்த விரலுடையது என்பதே பொருள். மண்ணிலும் சருகிலும் வேரிலும் நடப்பதற்கு அவ்விரல்கள் போதும். வழுவழுப்பான சுவரில் ஏறுவதற்கு உதவா.

பகலில் அது மரக்கட்டையின் கீழோ, கல்லிடுக்கிலோ, சருகுப் படையினுள்ளோ ஒடுங்கிக் கிடக்கும். இருள் சூழ்ந்தபின் பூச்சிகளையும் சிலந்திகளையும் தேடிப் புறப்படும். அதன் கண்ணுக்கு அசையும் இமை இல்லை. தூசி படிந்தால் நாவினாலே துடைத்துக்கொள்ளும். பகலொளியில் கீறலாய்ச் சுருங்கும் கண்மணி இரவிலே அகல விரியும். இரவில் திரியும் வேறொரு பல்லியினத்தை ஆராய்ந்தவர்கள், நிறங்காணும் திறனில் அதன் கண் மனிதக் கண்ணைவிட ஏறத்தாழ 350 மடங்கு ஒளியுணர்வு மிக்கது எனக் கணக்கிட்டுள்ளனர். நமக்கு உலகம் நிறமிழந்து தோன்றும் மங்கிய நிலவொளியிலும் அப்பல்லி நிறங்களைப் பிரித்தறியும்.

பகைவர் பிடித்தால் வாலைக் கழற்றிவிட்டு ஓடுதல் பல்லிகளின் பொது வழக்கம். வால் மீண்டும் வளரும். ஆனால் அதிற் சேமித்த கொழுப்பு இழப்பேயாகும். பெண் ஒருமுறைக்கு இரண்டு முட்டைகளே இடும். இடும்போது மென்மையாயிருக்கும் ஓடு காற்றுப் பட்டதும் இறுகிவிடும்.

இவ்வளவு சிறிய உயிரின் வாழ்வு, சருகு என்ற ஒரே போர்வையைச் சார்ந்து நிற்கின்றது. காடு அழிந்தால் வீட்டுப்பல்லிக்குக் கூரையுண்டு, விளக்குண்டு. நிலப்பல்லிக்கு அவ்வழி அடைபட்டது. அதன் பாதமே அதற்குத் தடை. பற்றை வெட்டித் தீயிடுமிடத்தில் அதன் உறைவிடமும் இரையும் முட்டையும் ஒருங்கே எரிகின்றன.

கொக்கிளாய் மக்களும் இடமிழத்தலின் துயரை அறியாதவரல்லர். 1984ஆம் ஆண்டின் இறுதியிலே ஊரைவிட்டு அகன்றவர்கள், 2009இல் போர் முடிந்த பின்னரே திரும்பிக் குடியேறத் தொடங்கினர். மீண்டு வந்தவருக்கு வீடும் வேண்டும், வயலும் வேண்டும். அவற்றுக்கு நிலம் திருத்தாமல் இயலாது. ஆயினும் திருத்திய நிலத்தின் ஓரத்திலே ஒரு பற்றைக்காட்டை விட்டுவைப்பதும், விழுந்த மரத்தைக் கிடந்தவாறே விடுவதும், தேவையற்ற இடத்திற் சருகுக்குத் தீ வையாதிருப்பதும் அரிய செயல்களல்ல. இரவிலே கைவிளக்கின் ஒளியில் ஒரு சிறு பல்லி சருகினிடையே அசையக் கண்டால், அதனைப் பேயென்று அடிக்க வேண்டியதில்லை. அஃது இந்நாட்டுக்கே உரிய உயிர். அதன் வழியில் அதனைச் செல்லவிடுதலே அறம்.