உடம்பு கற்ற பாடம்

தலைப்பு: சமுதாயத்தைச் சிந்திக்க வைப்பது மேடைப் பேச்சா? ஆடல் பாடலா?
(‘ஆடல் பாடலே’ அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய அண்ணன் கேட்டார்: “நாலு பொம்பளைங்க நடுரோட்டுல ஆடினா சமுதாயம் திருந்திடுமா?” கேட்டுட்டு, தண்ணி குடிச்சிட்டுப் போய் உட்கார்ந்துட்டார். அண்ணே, எண்ணிக்கையைச் சரியாச் சொன்னீங்க பாருங்க, அதுக்கு நன்றி. நான் சொல்ல வந்ததும் நாலு பேர் கதைதான்.

தென் அமெரிக்காவில் சிலி என்று ஒரு நாடு. மிளகாய்னு நினைச்சுடாதீங்க, வரைபடத்தில் பார்த்தா வடிவம் மட்டும் அப்படித்தான், நீளமா, ஒல்லியா! (சிரிப்பு) அங்கே வல்பரைசோ என்று ஒரு துறைமுக நகரம். டாஃப்னே வால்டெஸ், சிபிலா சொட்டோமயோர், பௌலா கோமெட்டா, லியா காசெரெஸ் என்று நான்கு பெண்கள். நாடகம், ஆடை வடிவமைப்பு என்று வேலை செய்கிறவர்கள். குழுவுக்குப் பெயர் ‘லாஸ் தேசிஸ்’. ஆய்வேடுகள் என்று பொருள். புத்தகத்துக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிற கருத்தை எடுத்து, ஆட்டமாகவும் பாட்டாகவும் ஆக்கி ஜனங்களுக்குக் கொடுக்கணும் என்பது அவர்கள் எண்ணம். அர்ஜென்டினாவின் மானிடவியல் அறிஞர் ரீட்டா செகாட்டோவின் எழுத்தை வைத்து ஒரு நிகழ்ச்சி தயாரிச்சாங்க. பாலியல் வன்முறைக்கு வேர் ஆசை இல்லை, அதிகாரம் என்பது அவருடைய கருத்து.

இந்தச் சமயத்தில்தான், 2019 அக்டோபரில், தலைநகர் சாண்டியாகோவில் மெட்ரோ ரயில் கட்டணம் 30 பெசோ ஏறியது. நாடே கொந்தளிச்சுது. ஊரடங்கு, தெருவெல்லாம் போலீஸ், ராணுவம். கைதான பெண்களின் ஆடையைக் களையச் சொல்லி, உட்கார்ந்து எழச் சொன்னார்கள் என்று புகார்கள் வந்தன.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி உங்களைக் கேட்கிறேன். ஒரு நகரம் பெண்ணோட உடம்புக்கு என்ன சொல்லிக் கொடுக்குது? பையை மார்போட அணைச்சுக்கோ. ஓரமா நட. வேகமா நட. இருட்டறதுக்குள்ள வந்துடு. எந்தப் பள்ளிக்கூடத்திலும் இது பாடமாக இல்லை. தெருதான் வாத்தியார்! பேச்சால் கற்றதா இருந்தா பேச்சால் மறக்கலாம். உடம்பு கற்றதை உடம்பாலதானே மறக்கணும்? (கைத்தட்டல்)

அந்த நால்வர் அதைத்தான் செய்தாங்க. கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கிட்டு வரிசையா நிக்கணும். ஒரே சீரான தாளத்துக்குக் காலை மாத்தி மாத்தி வைக்கணும். அவ்வளவுதான். அரங்கேற்றம் வேண்டாம், பத்து வருஷப் பயிற்சி வேண்டாம். தெருவில் போகிற யாரும் வந்து சேர்ந்துக்கலாம். நடுவில், தலைக்குப் பின்னால் கையை வைத்து உட்கார்ந்து எழணும். போலீஸ் காவலில் எந்த அசைவை வைத்து அவமானப்படுத்தினாங்களோ, அதே அசைவு! அதை நட்டநடுத் தெருவில், பட்டப்பகலில் செய்து காட்டினாங்க. அப்புறம் ஆள்காட்டி விரல் நீளும். காவல்துறை, நீதிபதிகள், அரசாங்கம் என்று ஒவ்வொருவர் பக்கமும். பாதிக்கப்பட்டவளையே குடைந்து குடைந்து கேட்கிற கேள்வியை அந்த விரல் திருப்பிவிட்டது.

தலைப்பைப் பாருங்க. சிலி போலீஸ் ஒரு காலத்தில் ‘உன் வழியில் ஒரு நண்பன்’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. இவங்க ‘நண்பன்’ இருந்த இடத்தில் வேறொரு சொல்லைப் போட்டாங்க. குடும்பத்தோட பார்த்துக்கிட்டிருக்கீங்க, நான் சொல்லலை, உங்களுக்கே புரியும்.

2019 நவம்பர் 20 அன்று வல்பரைசோ தெருவில் ஆடினாங்க. 25 அன்று சாண்டியாகோ. பிறகு மெக்சிகோ, பாரிஸ் என்று பரவியது. டிசம்பரில் இஸ்தான்புல்லில் ஆடியவர்களில் சிலரைப் போலீஸ் பிடித்தது. உடனே துருக்கி நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? மேஜையைத் தட்டித் தாளம் போட்டு அதே பாட்டைச் சொன்னாங்க! மேடைப் பேச்சுக்குன்னே கட்டின இடம் அண்ணே அது! (பலத்த சிரிப்பு)

ஆடின மறுநாளே குற்றம் நின்னு போச்சான்னு கேட்டால், இல்லை. அதை நான் மறைக்கலை. ஆனா 2019 டிசம்பர் 4 அன்று நடந்ததைக் கேளுங்க. இந்த முறை மூத்த பெண்களுக்கு அழைப்பு. இடம், சாண்டியாகோவின் தேசிய விளையாட்டரங்க வாசல். சாதாரண இடமில்லைங்க. 1973-இல் பினோசேயின் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, ஆயிரக்கணக்கான பேரை அடைத்து வைத்துச் சித்திரவதை செய்த மைதானம். அதில் பெண்களும் இருந்தாங்க. 46 வருஷம் கழிச்சு, அதே வாசலுக்கு நரைத்த தலையோட ஆயிரக்கணக்கான அம்மாக்கள் வந்தாங்க. கறுப்பு உடை, கண்ணில் கறுப்புத் துணி, கழுத்தில் சிவப்புத் துணி. நம்ம வீட்டில் ‘ஏம்மா அலையறே, உட்காரு’ன்னு சொல்வோமே, அந்த வயசு. அவங்க விரலை நீட்டினாங்க.

நடுவர் மணியடிச்சுட்டார். அந்த வாசலிலேயே நிறுத்திக்கிறேன்.